யாரிடமிருந்து யாருக்கு

என்னிடம் யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. பரிசோதனையில் கிருமி இருப்பதாக முடிவு வந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தீர்கள் என்று குடைவதுதான் என் வேலை. கட்டிய மனைவிகூடக் கேட்கத் தயங்கும் கேள்வியெல்லாம் நான் கூச்சமில்லாமல் கேட்பேன். "ஊர்ல எவன் எவளைப் பார்த்தான்னு விசாரிக்க உனக்கு ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, தலைக்கு மேல ஒரு ஃபேன்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆபீஸில் எனக்கு சிஐடி என்று பெயர். நான் அதை மறுப்பதில்லை.

சுகாதார அலுவலகத்தின் பழைய கூட்ட அறையில் வரிசையாக மேசை போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். கணினித் திரையில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு வட்டம். அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியது உறுதியானால் இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவோம். அதை நாங்கள் மட்டும்தான் பார்க்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது. ஒருவருடைய நிலைமையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, அவர் பெற்ற பிள்ளையே ஆனாலும். என்னைப் போன்ற ஓட்டை வாய்க்காரிக்கு இது தண்டனைதான். ஆனால் நியாயமான தண்டனை. யார் கொடுத்தது என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அப்புறம் எங்களிடம் யார் உண்மை சொல்வார்கள்?

அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எழுபது வயதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். நான் அழைத்தபோது ஃபோனை எடுத்தது மூத்த மகன். அப்பாவின் அறைக் கதவருகே நின்றுகொண்டு ஸ்பீக்கரைப் போட்டார். நான் அப்பாவைக் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னார்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க சார்?"

"அப்பா, நான், என் தம்பி, எங்க ரெண்டு பேர் சம்சாரம்."

"ஐயாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நாங்க ரெண்டே பேருதான்."

"எங்கயாவது வெளிய போனாரா?"

"முடி வெட்டிக்கப் போனாரு. அப்புறம் வாரா வாரம் ஆஸ்பத்திரி லேபுக்குப் போய் சுகர் பார்த்துட்டு வருவாரு. வீட்டுல மெஷின் இருக்கு. தினமும் காலைல நான்தான் குத்திப் பார்க்கறேன். ஆனா லேபுலதான் சரியா காட்டும்னு பிடிவாதம்."

முடி வெட்டும் கடை என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கடையைச் சுற்றி ஏற்கெனவே திரையில் பல வட்டங்கள் முளைத்திருந்தன. பெரியவருக்கும் அங்கிருந்து ஓர் அம்புக்குறி போட்டேன். வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். எனக்கு மூக்கில் வியர்த்தது. வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் ரத்தம் கொடுக்கப் போகிற மனிதரை நான் கண்டதில்லை. என் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. அவரை லேபுக்குக் கிளப்புவதற்குள் எங்களுக்கு மயக்கம் வரும்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஐயாவிடம் ஃபோனைக் கொடுங்கள், சத்தம் சரியில்லை என்றேன். "லேபுல யாரையாவது பார்த்தீங்களா ஐயா? பக்கத்துல உக்காந்து பேசினீங்களா?"

"யாரும் இல்லம்மா" என்றார். உடனே இருமினார். அந்த இருமலில் பாதிதான் நிஜம்.

மறுநாள், இரும்புக்கடை வைத்திருக்கும் அந்த மகன் வீட்டாரோடு பரிசோதனைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மறுபடி அழைத்தேன். பெரியவரே எடுத்தார்.

"ஐயா, என்கிட்ட திட்டு வாங்கினவங்க உண்டு. நான் காட்டிக் கொடுத்தவங்க யாரும் கிடையாது. லேபுல யாரைப் பார்க்கப் போறீங்க?"

இந்த வயதில் இவருக்கு எந்தக் கிழவியோ என்று என் கோணல் புத்தி போனதை மறைப்பானேன்.

"பொண்ணு" என்றார். "என் பொண்ணும்மா."

பிறகு காதும் காதும் வைத்தாற்போல மெதுவாகச் சொன்னார். மகள் நர்ஸ். சில வருடங்களுக்கு முன் அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தின் உதவியால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகன்கள் இருவரும் வேறு ஆஸ்பத்திரியில் கேட்டுவருகிறோம் என்று போயிருந்த நேரத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள், இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த மகன்களுக்கு அம்மா இல்லை. அம்மாவைக் கொன்றவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவர்கள்தான். அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் போய், யாரோ இறந்தவருடையதை வைத்தார்கள். அதற்கும் அண்ணன்கள் எட்டிப் பார்க்கவில்லை. வார்டு வேலை செய்ய முடியாமல் அதே ஆஸ்பத்திரி லேபின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். வாரம் ஒருநாள் அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவும் மகளும் அவருடைய பழைய காரில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முகக்கவசத்தைக் கழற்றாமல் எப்படிச் சாப்பிடுவது? கடைசியாகப் பார்த்த அன்று மழை வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஒதுக்காம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா ஐயா?"

"ஆமாம்மா. வாழ்நாள் பூரா சாப்பிடணும்னு சொன்னா."

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி பேருக்குத்தான் இருக்கும். "இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுல தெரிஞ்சுடுமேன்னு பயந்துட்டேன்" என்றார்.

அடுத்த நிமிடம் மகளை அழைத்தேன். நோய்த் தொற்று உள்ள ஒருவருடைய அருகில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள் என்று எங்கள் மனப்பாடப் பாட்டைத் தொடங்கினேன். அவள் அதை முடிக்க விடவில்லை.

"அப்பாவா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

"நானும் நர்ஸ்தாங்க்கா, எனக்குத் தெரியும். மத்த எல்லாரையும் நான் கண்ணாடிக்குப் பின்னால இருந்துதான் பார்க்கறேன். மாஸ்க்கைக் கழட்டறது ஒரே ஒரு ஆள்கிட்டதான். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அவர் பரவாயில்லைன்னா, அடுத்த கேள்வியைக் கேளுங்க."

"இருமல் இருக்கா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். பார்த்திராத அந்தப் பெண்ணை எனக்கு அந்தச் சிரிப்பிலேயே பிடித்துப் போயிற்று. சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது. முந்தின நாள்தான் தொடங்கியதாம், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாளாம்.

அன்றைக்கே சோதித்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தேதிகளைத் திரையில் வரிசைப்படுத்தினேன். பெரியவருக்குக் காய்ச்சல் கண்டது அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு. காய்ச்சல் வருவதற்கு முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். அவளுக்கு இருமல் வந்தது அதற்குப் பல நாள் கழித்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்பாவின் வட்டத்திலிருந்து மகளின் வட்டத்துக்கு அம்புக்குறி போட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ அம்புக்குறி போட்டிருக்கிறேன். அன்று மட்டும் விரல் சட்டென்று அமுங்கவில்லை.

பெரியவருக்குத் தினமும் நான்தான் ஃபோன் செய்து உடல்நிலை கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் அவர் தயங்குவார். "அங்க..." என்று இழுப்பார். "நீங்க நல்லா ஓய்வெடுங்க ஐயா" என்பேன். அவரும் பக்கத்தில் மகன் இருப்பதால் அதற்கு மேல் கேட்க மாட்டார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு யார் மேலாவது எரிந்து விழுவேன். அந்த வாரம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளோடு ஒரே ஒரு தடவை பேச விட்டார்கள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி விலக்கிப் பேசினாள்.

"அக்கா, அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. தன்னாலதான்னு உடைஞ்சு போயிடுவாரு. வீட்டுல யாராவது கேட்டா, என்கிட்டருந்துதான் அவருக்கு வந்துச்சுன்னே இருக்கட்டும். ஏற்கெனவே ஒண்ணை நான் சுமக்கறேன். இதுவும் சேர்ந்தா ஒண்ணும் கனமாயிடாது."

"நான் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாதும்மா. பேசாம தூங்கு."

"நல்ல வேலைக்கா உங்க வேலை" என்றாள். கேலியா, பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவளை இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒருநாள் காலையில் நான் கணினியைத் திறந்தபோது அவளுடைய வட்டம் கறுப்பாக இருந்தது. யாரையும் நேரில் பார்க்காமல் செய்கிற வேலை இது, அதனால் மனதில் ஒட்டாது என்று பயிற்சியின்போது சொல்லியிருந்தார்கள். சொன்ன ஆளை அன்றைக்குத் தேடிப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரியவரின் எண்ணைப் போட்டேன்.

மகன்தான் எடுத்தார். நெருங்கிய உறவு என்ற இடத்தில் அவள் அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே பேசிவிட்டார்கள்.

"எல்லாம் வெளிய வந்துடுச்சு மேடம். எங்களுக்குத் தெரியாம கார்ல உக்காந்து சாப்பிட்டிருக்காங்க, அப்பாவே ஒத்துக்கிட்டாரு. அவதான் ஆஸ்பத்திரியிலருந்து இதைக் கொண்டுவந்து எங்கப்பா தலைல கட்டியிருக்கா. அன்னைக்கு அம்மாவை முடிச்சா. இப்போ அப்பாவை முடிக்கப் பார்த்து, தானே போய்ச் சேர்ந்துட்டா. உடம்பை வந்து வாங்கிக்கச் சொல்றாங்க. நாங்க யாரும் வர்றதா இல்லன்னு சொல்லிட்டோம். அவகிட்டருந்துதானே வந்துச்சு? நீங்கதானே கண்டுபிடிக்கறவங்க, சொல்லுங்க."

அம்புக்குறி என் கண் முன்னால் இருந்தது. அவர் சொல்வதற்கு நேர் எதிர்த் திசையில். ஒரே ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆபீஸ் கட்டளையும் செத்துப்போனவளின் ஆசையும் சேர்ந்து என் வாயை அடைத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, "அதை நாங்க சொல்றதில்ல சார்" என்றேன்.

"சொல்லாட்டி போங்க. எங்களுக்குத் தெரியாதா?"

"ஃபோனை இங்க குடு" என்ற பெரியவரின் குரல் உள்ளிருந்து கேட்டது. ஃபோன் கை மாறியது. "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா இவன் நம்புவான். யார்கிட்டருந்து யாருக்கு?"

"ஐயா, நான் சொல்லக் கூடாது. அந்தக் கட்டளை எனக்குத்தான். உங்களுக்குக் கிடையாது."

அவர் ஃபோனைக் கீழே வைக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேசியது என்னோடு அல்ல.

"நான்தாண்டா அவளுக்குக் கொடுத்தேன். அன்னைக்கு அவ நல்லாத்தான் இருந்தா. நான்தான் செருமிக்கிட்டே இருந்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டுமாப்பான்னு கேட்டா. மழை உள்ள வரும்னு நான்தான் வேண்டாம்னேன்."

"அவளுக்காகப் பேசாதீங்கப்பா."

"இத்தனை வருஷமா பேசலையேடா. உங்கம்மாவுக்குப் போதும், கழட்டிடச் சொல்லுன்னு சொன்னது நான். கையெழுத்து நான் போட வேண்டியது. நீ போடும்மான்னு பேனாவை அவ கையில குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் வந்து அவளைப் பிடிச்சு உலுக்கினப்போ, நான் அங்கதான் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

மகனின் குரலில் கொஞ்சம் முன்பு இருந்த இரும்புக்கடை முதலாளி இல்லை. "ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"நான் உங்ககூடதானேடா இருந்தாகணும். அவ தாங்கிக்குவான்னு விட்டுட்டேன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எவ்வளவு பெரிய சுமையைப் பெற்ற பெண் தலையில் ஏற்றிவிட்டு, வாரம் ஒருநாள் போய் அவள் கொண்டுவந்த சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கோபத்தோடுதான் அவர் அழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணும் நிற்கவில்லை.

மகன் ஃபோனை வாங்கினார். "மேடம், இருக்கீங்களா? ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்பறோம், நானும் தம்பியும். தங்கச்சி முகத்தைப் பார்க்க விடுவாங்களா?"

இரண்டே பேர்தான் என்று சொன்ன வாய் அது. "நீங்க ரெண்டு பேரும் நெகட்டிவ் சார். கவசம் போட்டு, தூரத்துல நின்னு பார்க்க விடுவாங்க. நான் சொல்லி வைக்கறேன்."

"நான்?" என்றார் பெரியவர் பக்கத்திலிருந்து. "நான் வரலாமாம்மா?"

அவருக்கு இன்னும் தனிமைக் காலம் முடியவில்லை. அதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை.

"இல்ல ஐயா" என்றேன். "நீங்க வெளிய வரக் கூடாது."