ரீசெட் அழுத்தாத சோதனை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்சந்தியில் கிடைத்தது. போன மின்சாரம் திரும்பி வந்ததும் சிக்னலில் குறுக்கும் நெடுக்கும் பச்சையே எரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து எந்தப் பச்சையையும் நான் நம்புவதில்லை.

"தம்பி மகா திறமைசாலி. அவன்..." (வேண்டாம். இப்படித் தொடங்கினாலே நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.)

2

சிக்னல் விளக்குகளை இயக்கும் மின்பலகை செய்யும் கம்பெனி. தம்பி வடிவமைப்பவன், அக்கா சோதித்துக் கையெழுத்துப் போடுபவள். அவனுடைய டிஜிட்டல் கவுன்ட்டர் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரவேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த விளக்கு எரியவேண்டும் என்று கணக்குண்டு. ஆனால் எண்ணை உள்ளே வைத்திருக்கும் மூன்று பிட்டுகளுக்கு (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) ஏழு வரை போகத் தெரியும். ஆறும் ஏழும் வேண்டாத விருந்தாளிகள். தப்பித்தவறி அங்கே போய்விட்டால் திரும்பிவர வழி போட்டிருக்க வேண்டும்.

"போட்டிருக்கியாடா?"

"அதெல்லாம் வரவே வராதுக்கா. நீதானே தினம் டெஸ்ட் பண்ற?"

பண்ணுகிறாள்தான். ஆனால் அங்கே எல்லாரும் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவார்கள். அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அழுத்தாவிட்டால் எந்த எண்ணிலும் தொடங்கலாம். தெருவில் கரண்ட் வந்ததும் யார் ஓடிப்போய் அழுத்துவது?

(இந்த அக்கா மேலும் எனக்கு ஒரு சந்தேகக் கண். இத்தனை நாள் இவளும் அழுத்தினவள்தானே?)

3

அன்று அவள் ரீசெட்டைத் தொடாமல் சுவிட்சை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டாள். நான்கில் தொடங்கியது. அப்புறம் இரண்டில். அப்புறம் ஆறில். அங்கிருந்து ஏழு. மறுபடி ஆறு. ஏழு. மேசைமேல் இருந்த சோதனை விளக்குகளில் இரண்டு திசைப் பச்சையும் அணையவே இல்லை.

தம்பியைக் கூப்பிட்டாள். வந்தவன் எண்ணையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. நேராக ரீசெட்டுக்குக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

4

முதல் முடிவு: "சத்தியமா தெரியாதுக்கா." ஆறும் ஏழும் பூஜ்யத்துக்குத் திரும்ப இருவரும் வழி போடுகிறார்கள். (சுபம். எழுதின எனக்கே நம்பிக்கையில்லை.)

இரண்டாம் முடிவு: "தெரியும். முன்னாடி போன பலகை எல்லாம் தெருவுல ஓடிட்டிருக்கு. இப்ப வெளிய சொன்னா என் வேலை..." என்று அவன் (இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

எந்த முடிவிலும் மேசைமேல் இருப்பது சரியாகிவிடும். தெருவில் இருப்பது? அக்கா வாயைத் திறந்தால் தம்பி தொலைந்தான். அவள் இன்னும் அவன் கையை விடவில்லை.

நீங்கள் கூடப்பிறந்தவர்களோடு வளர்ந்தவராக இருக்கலாம். அவள் என்ன செய்யவேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் சாலையைக் கடந்து வீட்டுக்குப் போங்கள்.