தொட்டியில் என்ன ஊற்றுவது

மருத்துவர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சப் பலகையில் அருகருகே மாட்டினார். இடது பக்கம் அவனுடையது. வலது பக்கம் அவன் மனைவியுடையது.

"வீட்டுல கல் அறுக்கறது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"இவங்க?"

"இவ அந்த ரம்பத்தைத் தொட்டதே இல்ல."

படங்கள் மாறிவிட்டனவோ என்று மருத்துவர் ஓரத்தில் எழுதியிருந்த பெயர்களைச் சரிபார்த்தார். மாறவில்லை. அவன் நுரையீரலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகள்தான். அவளுடையதில் மேலிருந்து கீழ்வரை மாவைத் தூவியதுபோல் வெள்ளை. கல் தூசி. உள்ளே போனது வெளியே வராது, அது தழும்பாக்கிய இடம் பழையபடி ஆகாது, ஆற்றும் மருந்தும் இல்லை என்று சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"தூசி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. முடியாட்டி இவங்க அந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"தூசி வர வாய்ப்பே இல்ல டாக்டர். நான் தண்ணியில அறுக்கறேன். அதாவது, அந்த பிளேடு இருக்கு பாருங்க..."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வெளிய இருபது பேரு உக்காந்திருக்காங்க. அவங்களும் வைத்தியம் பாத்துக்கட்டும், வாங்க."

அக்கம்பக்கத்தில் அவனுக்கு 'அறுவை' என்றுதான் பெயர். தொழிலும் அதுதான், பேச்சும் அதுதான் என்பார்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை. யாராவது வாசலில் நின்றால் போதும், உள்ளே இழுத்து ரம்பத்தைக் காட்டத் தொடங்கிவிடுவான்.

அந்த ரம்பத்துக்குப் பல் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய இரும்பு வட்டம். விளிம்பில் மட்டும் வைரத் துகள் பதிந்திருக்கும். அது கல்லை வெட்டுவதில்லை, தேய்த்துத் தேய்த்து வழி உண்டாக்குகிறது. தேய்த்தால் சூடு. சூடு ஏறினால் கல் விரிசல் விடும், வைரம் உதிர்ந்துபோகும். அதனால் வட்டத்தின் அடி விளிம்பு ஒரு சிறு தொட்டியில் முங்கியபடியே சுழலும். தொட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு மேலே வந்து கல்லைக் குளிரவைக்கும், அறுந்த மாவைக் கழுவிக் கீழே இறக்கும். தொட்டியில் என்ன ஊற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. எண்ணெய் என்றால் வழுக்கும், பிளேடு நெடுநாள் உழைக்கும், துரு அண்டாது. ஆனால் வீடெல்லாம் வாடை. தண்ணீரில் வாடை இல்லை, துருதான் தொல்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வழி கேட்காமலே வந்துவிடும் என்பான்.

கல்யாணமான புதிதில் எண்ணெய்தான் ஓடியது. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "தலையணை கூட ஒர்க் ஷாப் மாதிரி நாறுது" என்றாள். எட்டாம் நாள் அவன் தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றினான். வண்டி பழுது பார்க்கும் அவளுடைய அண்ணன் கேலி செய்தான்.

"தண்ணி ஊத்தி ரம்பம் ஓட்டறவரை இப்பதான் பாக்கறேன், மாப்பிள்ளை."

"எனக்காக மாத்தினாருண்ணே" என்றாள் அவள். "அண்ணிக்காக நீ என்ன மாத்தியிருக்க, சொல்லு?"

"டிவி சேனலை மாத்தியிருக்கேன்."

ஒன்பது வருடங்களாக அவள் இதை வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தண்ணீருக்குரிய மரியாதையைக் குறைவில்லாமல் செய்தான். சாயங்காலமானால் தொட்டியை வடித்துவிட வேண்டும். பிளேடை ஈரம் போகத் துடைக்க வேண்டும். அச்சில் எண்ணெய்த் துணியால் ஓர் ஒற்று. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட எழுந்துவந்து துடைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணன் போன் செய்தான். இன்னும் மூன்று நாளில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், அவளை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றான்.

"நான் எங்கயும் போகல" என்றாள் அவள். நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. "ரோட்டுத் தூசியா இருக்கும். நீங்க கண்டுபிடிங்க."

கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் அவள் இங்கேயே இருக்கலாம். மறுநாள் அவன் ரம்பத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியை விரித்து, மோதிரத்தில் பதிக்கும் அகேட் கல் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் அறுத்தான். துணியில் தண்ணீர்த் துளிகள்தான் தெறித்திருந்தன. தூசி துளிகூட இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். அன்று இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

காலையில் துணியை மடிக்கப் போனான். துளிகள் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். துணியை லேசாகத்தான் உதறினான். ஜன்னல் வெயிலில் அது புகையாக எழுந்து, கீழே விழாமல் நின்றது.

அவன் சுவரைப் பார்த்தான். ரம்பத்தின் மூடியை, வடித்த சேற்று வாளியின் விளிம்பை, தரையைப் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்த வெள்ளை. அவள் துடைப்பத்தோடு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினாள். கீழ் வீட்டுக் கொடியில் துணி காயும், தூசி பறந்தால் சண்டைக்கு வருவார்கள்.

"இன்னும் குளிக்கப் போகலையா?" என்று கேட்டபடி சுவரைத் துடைப்பத்தால் தட்டத் தொடங்கினாள். தினமும் இந்த நேரத்தில் அவன் குளியலறையில் இருப்பான். ஒன்பது வருடத்தில் இதைப் பார்த்ததே இல்லை.

"நிறுத்து."

"ரெண்டு நிமிஷம், முடிஞ்சுடும்."

அவன் துடைப்பத்தைப் பிடுங்கினான். தண்ணீர் தூசியை அழிப்பதில்லை; காயும்வரை பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் காயாது. அதில் கல் மாவு சேறாகவே கிடந்திருக்கும். வாடை அடித்திருக்கும், திட்டியிருப்பாள், மூச்சு இருந்திருக்கும்.

அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு ஈரத்துணியோடு வீட்டைச் சுற்றினான். அலமாரியின் தலையில், திரைச்சீலை மடிப்பில், மெத்தையின் தையலில், அரிசி டப்பாவின் மூடியில், எங்கே துடைத்தாலும் துணி வெளுத்தது. இனி தொட்டியில் எதை ஊற்றினாலும், ரம்பத்தையே தூக்கி எறிந்தாலும், இந்த ஒன்பது வருடத் தூசி இந்த வீட்டில்தான் இருக்கும். பையை எடுத்து அவள் துணிகளை ஒவ்வொன்றாக நனைத்து அலசிப் பிழிந்து வைக்கத் தொடங்கினான்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள். "தண்ணியில தூசி வராதுன்னு நேத்துக்கூடக் காட்டினீங்களே. அண்ணன் வந்தா அதையே சொல்லி அனுப்பிடறேன்."

சொன்னால்தான் கிளம்புவாள். அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, கறுப்புத் துணியை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து விளக்கினான். அவன் விளக்கங்களைக் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். இதையும் அப்படியே கேட்டாள்.

"அப்ப ஈரமா இருக்கறப்பவே துடைச்சிருந்தா?"

"இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"நீங்கதான் தினமும் துடைப்பீங்களே."

"பிளேடை."

அவள் இருமினாள். அடங்க நேரமானது.

"எண்ணெய் ஊத்தியிருந்தா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். வரவில்லை. "எண்ணெய் காயாது."

"நான்தானே வாடைன்னேன்."

"நீ வாடைன்னுதான் சொன்ன. தண்ணியை ஊத்தினது நான்."

"அண்ணன்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம்" என்றாள் அவள். "அந்த ஒண்ணைத்தான் நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தேன்."

அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். மாடியிலிருந்து இறங்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நான்கு படிக்கு ஒருமுறை நின்றாள். கணவன் ஒரு படி பின்னால் கையை நீட்டியபடியே வந்தான். அவள் கைப்பிடிச் சுவரைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அவளை வண்டியில் ஏற்றிவிட்டு, அண்ணன் பின் இருக்கையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

"மெல்லிசு எண்ணெய் மாப்பிள்ளை. வாடை அவ்வளவா வராது. இவ இல்லாதப்பவாவது ஊத்தி ஓட்டிப் பாருங்க."

"தண்ணியே போதும்ணே" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "அவருக்குத் தெரியும்."

அவன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் அவனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "எங்க பக்கம் காத்து நல்லா இருக்கும். ஒரு மாசத்துல தேறிடுவா, இல்ல?"

நுரையீரலில் தழும்பு எப்படி விழுகிறது, ஏன் அது விட்டுப்போவதில்லை என்பதை அவன் மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். படம் போட்டே காட்ட முடியும்.

"தேறிடுவா மச்சான்" என்றான்.