ஆடம் பக்கத்தில் ஒரு காலி இடம்

கம்பளி வியாபாரி ஆடம் போய்ச் சேர்ந்தபோது, மடாலயக் கோயில் தரையில் பதித்த அவர் கல்லறைக் கல்லைச் செதுக்கியவன் நான்தான். பிளாண்டர்ஸிலிருந்து கப்பலில் என் மூலமாக பித்தளைத் தகட்டில் வெட்டிய இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று ஆடம், இன்னொன்று கைகூப்பிய அவர் மனைவி மரியோட்டா. அவள் உயிரோடுதான் இருந்தாள். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் அப்படித்தான், ஒருவர் போகும்போதே இருவருக்கும் சேர்த்துச் செய்துவைப்பார்கள். கல்லில் உருவ அளவுக்குப் பள்ளம் வெட்டி, ஒட்டுவதற்குத் தார் மாதிரியான கீலைக் காய்ச்சி ஊற்றி, ஆணிகளுக்கு ஈயம் வார்த்துப் பதித்தேன். "நியாயத் தீர்ப்பு நாள் வரைக்கும் எவனாலயும் இதைப் பெயர்க்க முடியாது" என்று அவளிடமே பீற்றிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கும் இஷ்டம்தான் மேஸ்திரி. ஆனா நான்தான் அங்க ஆடம் பக்கத்துல படுத்திருக்கேனே! ஊரே பார்க்குது. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே மிதிச்சுட்டுப் போகவா?"

"பெயர்த்து எடுத்துட்டா?"

"வளையாம எடுங்க, கல்யாணம். வளைஞ்சா, ஆடம் என்னை விடலன்னு அர்த்தம்."

கல்லில் கீறல் விழக்கூடாது என்று சொல்லி மடாதிபதி சம்மதித்தார்.

காலையில் ஆணித் தலைகளை வெட்டி, தணலை வைத்துக் கீலை இளக்கினேன். அசையவில்லை. அந்தக் கீலைக் காய்ச்சியவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். காய்ச்சியவன் நானேதான். மரியோட்டா தூண் அடியில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மேஸ்திரி, தீர்ப்பு நாள் இன்னிக்கா?"

மத்தியானம் தலை கிளம்பியது. அப்புறம் தோள். கடைசியில் முழுசாக, வளையாமல் வந்தாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திருப்பிக் கீலைத் துடைத்தால், பின்பக்கத்தில் ஒரு தாடிக்கார பிஷப்! தலைகீழாக, பாதி மூக்கு வெட்டுப்பட்டு. யாரோ செத்த பிஷப்பின் பழைய தகட்டில் அவளை வெட்டி எடுத்து, புதிது என்று அனுப்பியிருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்தவன் நான். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவள் பார்த்தாள். உதடு துடித்தது. அப்புறம் கோயிலே அதிரச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா ஒரு பிஷப்பையும் முதுகுல கட்டிக்கிட்டு இவர் பக்கத்துல படுத்திருந்தேனா! ஆடம் இருந்திருந்தா, வீடு வீடாப் போய் சொல்லிச் சிரிச்சிருப்பாரய்யா!"

சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையே வெச்சுக்கலாம்" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குக் கை ஓடவில்லை. "இந்தப் பள்ளத்தை ஒரு கல் வெச்சு அடைச்சிடவா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து, தன் உருவம் இருந்த பள்ளத்தை ஒருமுறை தடவினாள்.

"வேணாம், அப்படியே இருக்கட்டும். அவர் எப்பவும் கையைக் காலை விரிச்சுதான் தூங்குவார்."