குளிர்ந்த தரை

வெயில் ஏறினால் அவருக்குக் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவரை நரம்பு நோய் வந்து வீட்டில் உட்கார வைத்திருந்தது. குளிர்காலத்தில் கைத்தடியோடு வீடு முழுக்கச் சுற்றி வருகிற மனிதர், கோடையில் கட்டிலே கதி என்று கிடப்பார். ஏ.சி. காற்று பட்டால் கால் விறைத்துக்கொண்டது. ஈரத்துணி, மின்விசிறி என்று அவர் மனைவி என்னென்னவோ செய்து பார்த்தாள். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் அவர்மேல்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷினை வழக்கம்போலச் சரிபார்க்க வந்த மெக்கானிக்தான் பேச்சுவாக்கில் சொன்னான்.

"குளிர்காலத்துல தரைக்கு அடியில குழாய்ல சுடுதண்ணி ஓடுதுல்லக்கா? இந்த மெஷினைத் திருப்பி ஓட்டினா அதுலயே குளிர்ந்த தண்ணி ஓடும். ரூம் சூட்டைத் தரை இழுத்துக்கும். காத்தே அடிக்காது."

"இத்தனை வருஷமா ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா!"

அவள் முறைத்த முறைப்பில் அன்றைக்கே மாற்றிக் கொடுத்தான். "பத்தொன்பது டிகிரிக்குக் கீழ மட்டும் இறக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பதுக்கே உட்கார்ந்துவிட்டார்; இன்னும் குறைத்தால் நடந்தே விடுவார் என்ற ஆசை யாரை விட்டது? நன்றாக இறக்கி வைத்தாள்.

மழை பெய்து ஓய்ந்த புழுக்கம். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தைத்த துணிகளை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், சர்ரென்று வழுக்கித் தொப்பென்று விழுந்தாள். தரை முழுக்க வியர்த்திருந்தது. கணுக்கால் பிசகிவிட்டது.

"என்னாச்சு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல! வராதீங்க, வழுக்குது!"

அவர் கேட்டால்தானே? கட்டிலிலிருந்து இறங்கி, ஒரு துண்டால் முன்னால் துடைத்துத் துடைத்து, உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கியது.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"நீ விழுந்து கிடப்ப, நான் கட்டில்ல படுத்துட்டு வேடிக்கை பாக்கணுமா?"

அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்து மெல்லப் பிடித்துவிட்டார். அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ரொம்ப வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். இத்தனை காலம் அவர் காலைப் பிடித்துவிட்டே பழகிய கைகள், இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன.

போன் போட்டதும் மெக்கானிக் ஓடி வந்தான்.

"ரெண்டு பேரும் ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?"

"ஜில்லுன்னு இருக்குப்பா, நீயும் உக்காரு" என்றார் அவர்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தினான். பத்தொன்பதுக்கே திருப்பி வைத்தான். "ஈரக்காத்து ரொம்பக் குளிர்ந்த தரையில பட்டா இப்படித்தான் வேர்க்கும்" என்றான்.

தரை காய்ந்தது. காலில் கட்டோடு அவள் நாற்காலியில் இருந்த அந்த வாரம், அடுப்படிப் பக்கம் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஒரு கையில் தடியும் ஒரு கையில் டீ டம்ளருமாக அவர் அடிமேல் அடி வைத்து வந்தார். வந்து சேர்ந்தது பாதி டம்ளர்தான்.

"மீதி எங்க?"

"வழியில இறங்கிடுச்சு" என்றார் பழைய ஓட்டுநர்.