இடமில்லாமல் வெட்டிய இரண்டு வரிகள்

1

இந்தக் கதை ஒரு மெத்தை விளம்பரத்தால் பிறந்தது. சிரிக்காதீர்கள், பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வாரம் ஒரு பிணமாவது விழ வேண்டும். அது போக, இதே பத்திரிகையில் பெயர் போடாமல் விலங்குத் துணுக்குகளும் எழுதுகிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும், இந்த ரகம். போன மாதம் மரகதக் குளவி. பக்கம் கட்டி முடிக்கும் நேரத்தில் மெத்தைக்காரர் விளம்பரம் வந்து குதித்தது. துணுக்கின் கடைசி இரண்டு வரிகளை வெட்டினார்கள். இடம் போதாவிட்டால் வாலைத்தான் வெட்டுவார்கள், அது எங்கள் தொழில் தர்மம்.

அச்சில் வந்தது இவ்வளவுதான்:

‘பச்சையாய் மின்னும் இந்தக் குளவி, தன்னைவிடப் பெரிய கரப்பான்பூச்சியின் தலைக்குள் கொட்டும். கரப்பான் சாகாது. கால்கள் நன்றாகவே இருக்கும். ஓட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போய்விடும். குளவி அதன் மீசைகளைப் பாதியில் கடித்துப்போட்டு, மிச்சத்தைப் பிடித்து, மாட்டைக் கயிற்றில் நடத்துவதுபோல் வளைக்குக் கூட்டிப்போகும். அதன்மேல் முட்டையிட்டு, வாசலைச் சிறு கற்களால் அடைக்கும். புழு வந்து தின்னத் தொடங்கும்போதும் கரப்பான் உயிரோடுதான் இருக்கும்.’

2

முதலில் எழுதிய ஆரம்பம்: ‘அந்த வீட்டு ஜன்னல்கள் எப்போதும்...’

வேண்டாம். ஜன்னலில் தொடங்கினால் பேய்க்கதை என்று நினைப்பீர்கள். இங்கே பேய் இல்லை. மாப்பிள்ளைதான் இருக்கிறார்.

என் தங்கைக்கு வீட்டில் பெயர் கடுகு. ஆள் குட்டை, காரம் அதிகம். பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை. “உன் கதையில வர்ற வில்லனுக்கெல்லாம் பல்லே சரியில்லண்ணா, என்கிட்ட அனுப்பு” என்பாள். அவளைக் கட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை.

“எதுக்கும்மா பஸ்ல இடிபட்டுப் போயிட்டு?” வேலை நின்றது.

“போனைப் பாத்துப் பாத்துத் தலை வலிக்குதுல்ல?” போன் அவர் பைக்குப் போனது.

(மீசை இரண்டும் போயிற்று. கதைக்காக இட்டுக்கட்டுகிறேன் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதுதான் வசதி.)

3

குளவித் துணுக்கு வந்த அன்று மாலை மாப்பிள்ளை போன் செய்தார்.

“மச்சான், குளவி மேட்டர் உங்க கைவரிசைதானே? பிரமாதம்! என்ன ஒரு நாசூக்கு! அடிதடியே கிடையாது பாருங்க.”

“ம். கடுகு இருக்காளா?”

“பக்கத்துலதான். பேசும்மா.”

போன் கை மாறியது. பிறகு, “அண்ணா... அந்தக் கரப்பான் கடைசி வரைக்கும் ஓடவே ஓடாதா?”

“அது வந்து...”

“சரி மச்சான், அவளுக்குத் தூக்கம் வருது.” வைத்துவிட்டார்.

மறுநாளே நேரில் போனேன். அவளுடைய முழங்கையை இரண்டு விரலால் பிடித்தபடி கூடத்துக்குக் கூட்டிவந்தார். கேட்காமலே “நல்லா இருக்கேண்ணா” என்றாள்.

“கிளம்புடி என்னோட.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, “புக்கு வந்ததும் துணுக்குப் பக்கத்தைக் கிழிச்சு ஃபைல்ல வெச்சுக்குவேன் மச்சான். மிச்சம் இவளுக்கு. கதையெல்லாம் பொய்தானே, நான் தொடறதில்ல” என்றார். வாசல்வரை வந்து ஒன்று சொன்னார்: “அடுத்த மாசக் கடைசியில வேற ஊருக்கு மாறுறோம். அட்ரஸ் அப்புறமா சொல்றேன்.”

கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

காவல் நிலையத்தில் கேட்டார்கள். “அடிச்சாரா?” “இல்ல.” “பூட்டி வெச்சாரா?” “இல்ல.” “அப்புறம் என்ன சார், கதை விடறீங்களா?”

ஆமாம், விடுகிறேன். அவள் கைக்குப் போகிற ஒரே பொருள் இந்தப் பத்திரிகையின் மிச்சம்தான்.

4

முடிவுக்கு இரண்டு யோசனை வைத்திருந்தேன்.

முதலாவது: கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான். என் வாசகர்களுக்குப் பிடித்தது. ஆனால் திறந்திருக்கும் கதவை எப்படி உடைப்பது?

இரண்டாவது: கண்ணாடிக்கடையில் தீ. சந்தேகம் நேராக என்மேல்தான் விழும்.

இரண்டையும் விட்டேன். கத்தரிக்கோல் வாலைத்தான் தேடும் என்பதால், வெட்டுப்பட்ட இரண்டு வரிகளை இங்கே, நடு உடம்பில் வைக்கிறேன்:

‘இந்த விஷம் நிரந்தரமல்ல, புழுவிடம் சிக்காமல் தப்பினால் சில நாளில் இறங்கிவிடும், கரப்பான் பழையபடி ஓடும்.

குளவி வரும்போதே உடம்பை உயர்த்தி நின்று, முள்ளுள்ள பின்னங்காலால் அதன் தலையில் உதைக்கும் கரப்பான்களில் பல, கொட்டே வாங்காமல் பிழைத்துவிடுகின்றன.’

கடுகு, அன்றைக்குக் கேட்டாயே. ஓடும். உதைக்கவும் தெரியும் அதற்கு. நீ யாரிடமும் கேட்க வேண்டாம், அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். அவர் கடைக்குப் போனதும் செருப்பை மாட்டு. நேராக நீ வர வேண்டிய இடம்

[இந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியும். உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பது அடுத்த பகுதியில்.]

5

தலைப்பில் குளவி என்று போடவில்லை, கவனித்தீர்களா? புரட்டும்போது அவர் கண்ணில் படக்கூடாது. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒன்றைத் தவிர.

கதையைக் கொடுத்துவிட்டு ஆசிரியரிடம் கேட்டேன். “எந்தப் பக்கத்துல சார் வரும்?”

“விளம்பரம் வர்றதைப் பொறுத்து. அச்சுக்குப் போறப்பதான் தெரியும்.”

“துணுக்குக்குப் பின்பக்கம் மட்டும் வேண்டாம் சார்.”

“ஏன்யா, துணுக்கு கடிச்சிடுமா?”

ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். அவர் துணுக்கைக் கிழித்தால் அதன் முதுகும் சேர்ந்தே போகும். கையில் எடுத்தவர் திருப்பிப் பார்க்காமலா இருப்பார்?

ஆகையால் முடிவை நான் எழுதவில்லை. அது இந்தத் தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். மெத்தையோ சோப்போ தெரிந்தால் நிம்மதி, கடுகு இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவேளை செருப்பு மாட்டிக்கொண்டுகூட இருக்கலாம்.

அங்கே துணுக்குகள் இருந்து, தாளின் ஓரமும் கிழிந்திருந்தால்...

வணக்கம் மாப்பிள்ளை. கதவு இன்னும் திறந்துதானே இருக்கு?