ஓட்டை சைலன்சர்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மணல்மேட்டுக்குப்பத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். பழவேற்காட்டு ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் நிற்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மூங்கில் கூடை, வாய் கட்டி, கழியில் பிணைத்து, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். கூடைக்குள் இராத்திரி வலையில் விழுந்த இறால் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும். கரையில் பெண்கள் தலையில் சும்மாட்டோடு தெற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அழப்போகிற பிள்ளைக்கு முந்திக்கொண்டு முலை கொடுப்பார்கள். இருமல்காரர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொள்வார்கள். இத்தனை பேரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தது குப்புராஜின் மோட்டார் சைக்கிளுக்காக.

குப்பத்தில் ஐஸ் கிடையாது. இறாலைத் தண்ணீரை விட்டு எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் தலை கறுத்துப் போகும். பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு வியாபாரியும் தொடமாட்டான். முன்னால் எடுத்தால் சரக்கு போச்சு, பின்னால் எடுத்தால் ஏழரை மணி ரயில் போச்சு. அதனால், இராத்திரி பொன்னேரியில் தங்கிவிட்டு வருகிற குப்புராஜின் வண்டி, தெற்கே இரண்டு மைலுக்கு அப்பால் சவுக்குத் தோப்பு மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டதும் கூடைகளைத் தூக்குவார்கள். படகில் வைத்துத் தள்ளிக்கொண்டு கரைக்கு வரவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருக்கும். எட்டு வருஷமாக இதற்கு யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. பார்ப்பதற்குக் கடிகாரமும் இல்லை.

அது மிலிட்டரி பி.எஸ்.ஏ. ஆவடியில் ஏலத்தில் எடுத்தது. பர்மாவில் ஜப்பான்காரன் சுட்ட குண்டு இன்னும் பெட்ரோல் டாங்கிக்குள் கிடப்பதாகவும், திருப்பத்தில் அது உருளுவது தொடைக்குத் தெரியும் என்றும் குப்புராஜ் சொல்லுவான். திறந்து காட்டு என்றால், பெட்ரோல் விற்கிற விலையில் அதெல்லாம் முடியாது என்பான். அறுபத்தாறாம் வருஷத்துப் புயலில் ஒரு தென்னை மரம் முறிந்து வண்டியின் மேல் விழுந்தது. மரம் இரண்டு துண்டானது. வண்டிக்கு சைலன்சரில் ஓட்டை விழுந்ததோடு சரி. அன்றிலிருந்துதான் அந்தச் சத்தம். காற்று வாகாக அடித்தால் ஆந்திராப் பக்கத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடுகின்றன என்று தடாவிலிருந்து ஒரு ஆள் வந்து முறையிட்டுவிட்டுப் போனதாகப் பேச்சு.

ஒரு காலத்தில் சைக்கிள் வியாபாரிகள் இரண்டு பேர் வந்து, எடுத்து வைத்த கூடைகளுக்குக் கரையிலேயே அடித்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் மாரியப்ப நாட்டார் பஞ்சாயத்துக் கூட்டி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். எந்த வண்டியின் சத்தத்துக்குக் கூடையைத் தண்ணீரை விட்டு எடுக்கிறார்களோ அந்த வண்டிக்குத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஐம்பது ரூபாய் தெண்டம். சைக்கிளுக்குச் சத்தம் ஏது? அன்றைக்குக் குப்புராஜ் ஊர் முழுக்க பீடி வாங்கிக் கொடுத்தான்.

வண்டிக்கு வயதாகிவிட்டது. மழை நாளில் பதினேழு உதை உதைத்தால் பதினெட்டாவதற்கு யோசிக்கும். குப்புராஜின் வலது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு நட்டு வேண்டுமென்றாலும் மெட்ராசுக்குப் போய்ப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும். எழுபத்துநாலு ஆடி மாதத்தில் இரண்டு தரம் பாதி வழியில் நின்று, இறால் முழுவதும் கறுத்து, கைக்காசைப் போட்டு ஊருக்குக் கொடுத்தான். மூன்றாவது தரம் நடந்தால் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வீரராகவன் அவனிடம் வந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இறால் கம்பெனியின் ஏஜெண்டு. சலவைச் சட்டை, வாசனை பாக்கு. கோடையில் அந்தக் கம்பெனி ஐஸ் பெட்டி வைத்த வேன் ஒன்றைக் குப்பத்துக்கு அனுப்பியிருந்தது. வேன் கரையில் நின்று ஆரனை அடித்தது. ஏரியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தெற்கே பார்த்தார்கள். ஐஸ் கரைந்ததும் வேன் போய்விட்டது. பிறகு வீரராகவன் தனியாக வந்து மூன்று காலை கரையில் குந்தியபடி சிகரெட் பிடித்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், வீட்டில் சண்டை போலிருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவன் சொன்னது எளிமையான பேச்சு. கம்பெனியிடம் ஒரு ராஜ்தூத் இருக்கிறது. சிவப்பு. எழுபத்துமூன்றாம் வருஷத்து வண்டி, ஒரே உதையில் கிளம்பும். பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். மேற்கொண்டு ஆகிற எண்ணூறு ரூபாயை, குப்புராஜ் கம்பெனிக்குப் போடுகிற சரக்கில் மாதம் நாற்பதாகக் கழித்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் சரக்கு வராவிட்டால் வண்டி திரும்பப் போய்விடும். எட்டு வருஷமாகக் குப்பத்தில் ஒரு நாளும் சரக்கு கிடைக்காமல் இருந்ததில்லை.

இருந்தாலும் குப்புராஜ் அவசரப்படவில்லை. ஒரு மாதம் யோசித்தான். ராஜ்தூத்தின் பின்னால் இரண்டு சிமெண்டு மூட்டையை ஏற்றி ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்று விரலால் அளந்து பார்த்தான். மணலில் ஓட்டினான். முழங்கால் தண்ணீரில் இறக்கினான். ஒரு பாட்டில் பெட்ரோலை ஊற்றி, அது தீர்ந்து நிற்கிற இடம் வரைக்கும் போய், திரும்ப நடந்தே தள்ளிக்கொண்டு வந்தான். செயினை மோந்து பார்த்தான் என்று கூடச் சொல்வார்கள். அதில் பார்க்காத இடம் பாக்கியில்லை.

அவன் மனைவி கெங்கம்மாளுக்கு மனசில்லை.

"கீறத வச்சிக்கினு ஓட்டினா இன்னாய்யா? என்னிக்கின்னா உன்னக் குப்புறத் தள்ளிச்சா அது?"

"முட்டி போய்க்கினு கீதுடி. நாளைலேர்ந்து நீ வந்து ஒதைக்கிறியா?"

"ஒதைக்கிறேன். மொதல்ல யார ஒதைக்கணும்னு சொல்லு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆவணி அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம், பொன்னேரியில் மெக்கானிக் கடை வாசலில் வண்டி கை மாறியது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு சைலன்சரில் நாலு விரல் போகிற மாதிரி ஓட்டை இருப்பதைச் சொன்னான். விலையில் கைவைக்கப் போகிறார்கள் என்று குப்புராஜுக்குப் பயம். பக்கத்திலேயே வெல்டிங் இருக்கிறது, பதினைந்து ரூபாயில் அடைத்துத் தருகிறேன் என்று குப்புராஜே முந்திக்கொண்டான்.

"வாணாம் நைனா. அத்த தொடாத," என்றான் வீரராகவன். "எப்டி கீதோ அப்டியே குடு."

அதைப் பத்திரத்திலும் எழுதச் சொன்னான்: சைலன்சர் உள்பட, எந்த மாற்றமும் செய்யாமல். எழுதி முடித்து, பழைய வண்டியின் விலையில் இன்னும் ஐம்பது ரூபாயைக் கூட்டினான். குப்புராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் நுழைந்து, ஓட்டை சைலன்சருக்கு டப்பு கொடுக்கிற கம்பெனி ஒன்று ஊருக்கு வந்திருக்கிறது, உங்கள் வீட்டில் ஓட்டைக் குடம் இருந்தால் எடுத்து வாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னான். கடையே சிரித்தது. டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை ராஜ்தூத் ஒரே உதையில் கிளம்பியது. முட்டி வலிக்கவில்லை. மணலில் சக்கரம் அரைபடுகிற சத்தமும், சவுக்குத் தோப்பில் காற்று போகிற சத்தமும் கேட்டன. அந்தத் தோப்பில் குயில் உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

குடிசைகளைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வடக்குப் பக்கமாக வந்து வண்டியை நிறுத்தினான். பெண்கள் எல்லோரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் இருமினான். பக்கத்தில் இருந்தவள் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்துச் சும்மா இரு என்று சாடை காட்டினாள்.

"நான்தான்மே. வந்துட்டேன்," என்றான்.

பிறகுதான் திரும்பினார்கள். நாலைந்து பேர் எழுந்து வந்து சிவப்பு டாங்கியைத் தடவிப் பார்த்தார்கள். எப்போது வந்தான், நடந்து வந்தானா, தள்ளிக்கொண்டு வந்தானா என்று கேட்டார்கள். கெங்கம்மாள் மட்டும் அவனைத் தாண்டி ஏரியைப் பார்த்தாள். அங்கே கூடைகள் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தன.

குப்புராஜ் தண்ணீர் ஓரம் போய்க் கையைக் குவித்துக் கூப்பிட்டான். காற்று கரைப் பக்கமாக அடித்தது. அரை மைலுக்கு அப்பால் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் யாரோ கத்துகிறார்கள் என்று மட்டும் கண்டுகொண்டார்கள். திரும்பி, கையை ஆட்டி, சத்தம் போடாதே என்றார்கள். ஓடிவந்து ஆரனை அழுத்தினான். அதற்கும் அதே கை. வண்டி வருகிற சத்தம் கேட்க வேண்டும், சும்மா இருக்கச் சொன்னார்கள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால் வரைக்கும் போயிருப்பான். தெற்கே எங்கோ பாறைக்கு வெடி வைக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. காலுக்கடியில் தண்ணீர் அதிர்ந்தது. கல் குவாரி இந்தப் பக்கம் எங்கே வந்தது என்று யோசித்தான். எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்திருந்தானே ஒழிய, கரையில் நின்று ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

ஏரி முழுக்க ஒரே நேரத்தில் குனிந்தது. கழிகள் பிடுங்கப்பட்டன. கூடைகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் படகுகளில் ஏறின. கரையில் அவனோடு பேசிக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேச்சில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கெங்கம்மாளும் இறங்கினாள். தொடையளவு தண்ணீரில் முதல் கூடையைத் தலையில் வாங்கின பிறகுதான் நின்று, புருஷனையும் அவன் பின்னால் நிற்கிற சிவப்பு வண்டியையும் பார்த்தாள். கூடையை அவளால் இறக்க முடியவில்லை.

பி.எஸ்.ஏ. வந்து நின்றது. கம்பெனி டிரைவர் துளசிராமன் ஓட்டி வந்தான். பின்னால் வீரராகவன், மடியில் தராசு.

அன்றைக்குப் பன்னிரண்டு கூடை. குப்புராஜ் கிலோ ஆறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டிருந்தான். வீரராகவன் நாலு என்றான். மாரியப்ப நாட்டார் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்து, இது குப்புராஜுக்கு எடுத்த சரக்கு என்றார்.

"குப்புராஜுக்கா, இந்த வண்டிக்கா?" என்றான் வீரராகவன். குரலை உயர்த்தவில்லை. "உங்க ஊர் சட்டந்தான நைனா. ஆள் பேரு சொல்லி வச்சீங்களா, சத்தத்துக்குன்னு வச்சீங்களா?"

நாட்டார் துண்டை மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"அது என் வண்டி," என்றான் குப்புராஜ். தண்ணீரை விட்டு ஏறி வந்திருந்தான்.

வீரராகவன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். பத்திரம் வெள்ளையாக வெளியே தெரிந்தது. ஆறு ரூபாய்க்கு நானே எடுக்கிறேன் என்று குப்புராஜ் ஊரைப் பார்த்துச் சொன்னான். தாராளமாக எடுக்கட்டும், வீட்டுக்கு ஐம்பது தெண்டத்தையும் அவனே கட்டட்டும் என்று வீரராகவன் சொல்லிவிட்டு, ஒரு கூடைக்குள் கைவிட்டு இறால் ஒன்றை எடுத்துத் தலையைப் பார்த்தான்.

"பேசிக்கினே இருங்க. எனக்கு இன்னா? இது கறுக்கிற வரைக்கும் நிக்கிறேன். அப்பால ரெண்டு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கிழவி கூடையைத் தராசுப் பக்கம் தள்ளினாள். குப்புராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். நாட்டாரின் கூடை ஆறாவதாக வந்தது. குப்புராஜ் திரும்பி ராஜ்தூத்திடம் போனான். புது வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். அதற்கு இன்னும் பிளாஸ்டிக் வாசம் போகவில்லை.

பி.எஸ்.ஏ.யில் எட்டுக் கூடை ஏறியது. நாலு மிச்சம். துளசிராமன் கயிற்றை இறுக்கிவிட்டு வந்தான். அவன் நல்ல பையன். தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணாத்தே, உன் வண்டி சும்மாதான நிக்குது. பொன்னேரி வரைக்கும் இந்த நாலையும் போட்டுக்கினு வரியாம். கூடைக்கு ஒரு ரூபா தராராம். மாசம் நாப்பது ரூபா கழிவுலயே வரவு வச்சிக்கிறாராம்."

குப்புராஜ் சீட்டிலிருந்து கையை எடுத்தான். கெங்கம்மாள்தான் நாலு கூடையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து ராஜ்தூத்தின் மேல் வைத்தாள். பல்லால் கயிற்றைக் கடித்து முடிச்சுப் போட்டாள். கூடையிலிருந்து ஏரித் தண்ணீர் சிவப்புப் பெயிண்டின் மேல் வழிந்தது.

பி.எஸ்.ஏ. கிளம்பியது. கரையில் இருந்த பிள்ளைகள் வழக்கம்போல அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார்கள். குப்புராஜ் ஏறி உட்கார்ந்து உதைத்தான். ஒரே உதை.

கெங்கம்மாள் கடைசி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். அவன் முன்னால் போகிற புகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் இன்னாத்துக்குய்யா ஒக்காந்துக்கினு கீற?" என்றாள். "வண்டியைக் கெளப்பு."

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.