மெத்தைக்கடைக்குப் போன மருத்துவமனை

மருத்துவமனையில் எல்லோரும் அவளை நம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமை மருத்துவர் அவளைவிட இருபது வயது மூத்தவர்; அவருக்கும் அவள் அக்காதான். அங்கிருந்த எழுநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேன் மெஷின் எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி என்ற எண்ணைக் கொடுப்பது அவள் வேலை. ஒரே எண்ணை இரண்டு மெஷினுக்குக் கொடுத்துத் தொலைத்தால் இரண்டும் மாறி மாறி மயங்கி விழும். அதனால் எந்த எண் யாருக்கு என்று ஓர் எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளை மேலாளருக்குக்கூடக் காட்டியதில்லை. அவரும் கேட்டதில்லை. காட்டினால் புரிந்துகொள்ள வேண்டியிருக்குமே என்ற பயம்.

டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியலும் அவள் கையில்தான். மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவிருக்கும், கம்ப்யூட்டருக்கு எண்தான் தெரியும். யாராவது மருத்துவமனையின் பெயரைத் தட்டினால், அது இந்த எண்ணில் குடியிருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. கேட்ட கம்ப்யூட்டர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளும். எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் பட்டியலே சொல்லிவிடும். அதற்கு டிடிஎல் என்று பெயர். மருத்துவமனையின் டிடிஎல் ஒரு முழு நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டால் போதும், சும்மா சும்மா வந்து உயிரை வாங்காதே என்று அர்த்தம்.

இணையதளம் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகும்போதுதான் இதில் வம்பு. இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். அப்போதுதான் ஊர் உலகமெல்லாம் பழைய எண்ணைச் சீக்கிரம் மறக்கும். இந்தத் தொழிலில் இது காலையில் பல் தேய்ப்பது மாதிரி. அவளுடைய வேலைப் பட்டியலில் முதல் வரியே அதுதான். அந்த வரிக்கு நேரே டிக்கும் இருந்தது. வேலைதான் நடக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். முதலில் டிக் போடுவாள், பிறகு செய்வாள். டிக் போட்டுவிட்டால் செய்யாமல் இருக்க மனசு கேட்காது என்று விளக்கம் வேறு வைத்திருந்தாள். பதினோரு வருஷம் அந்த விளக்கம் செல்லுபடியானது. இந்தத் திங்கட்கிழமை டிக் போட்ட கையோடு தம்பியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, போட்டோவுக்குப் பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம். என்கிட்ட இளநீலம்தான் இருக்கு. சேத்துக்குவாங்களா?”

தம்பி லேப் டெக்னீஷியன். ஒப்பந்த வேலை, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இடம். இதே மருத்துவமனைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை விண்ணப்பித்துக் கோட்டைவிட்டவன். வயது வரம்பு முப்பது. வருகிற மாதம் அவனுக்கு முப்பது முடிகிறது. ஆக இதுதான் கடைசி. காலியிடம் ஒன்றே ஒன்று, விண்ணப்பம் இணையதளத்தில் மட்டும், அதுவும் புதன்கிழமை ஒரு நாள்தான், மாலை ஐந்து மணிவரை. அக்காவும் தம்பியும் வெள்ளைப் போர்வையைச் சுவரில் மாட்டுவது எப்படி என்று இருபது நிமிடம் பேசினார்கள். போனை வைத்தபோது பட்டியலில் டிக் இருந்தது. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றினாள். பழைய சர்வர் வாடகை இடத்தில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததால் அந்தக் கம்பெனிக்காரர்கள் மதியத்துக்குள்ளேயே மெஷினைத் துடைத்து, எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுறுசுறுப்பை அவர்கள் ஒப்பந்தம் நடந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் காட்டியதில்லை.

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

“அக்கா, உங்க ஆஸ்பத்திரி மெத்தை விக்குது.”

“என்னடா உளர்ற?”

“நெஜமாத்தான். பாதுகாப்பு இல்லாத பக்கம்னு மொதல்ல பயமுறுத்துச்சு. பரவாயில்லன்னு உள்ள போனேன். டபுள் கட்டில் மெத்தை வாங்கினா தலகாணி இலவசமாம்.”

அவள் டிடிஎல்லைத் திறந்து பார்த்தாள். ஒரு நாள் என்றே இருந்தது. மருத்துவமனைக்குள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அங்கே பழைய நினைவை அவளே அழித்துவிட்டிருந்தாள். வெளியேதான் கோளாறு. நேற்று இரவு இந்தப் பெயரைக் கேட்டுவைத்த இணையக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களெல்லாம் இன்று இரவுவரை பழைய எண்ணில் புதிதாகக் குடிவந்த மெத்தைக்கடையைத்தான் கைகாட்டும். உலகத்திலுள்ள அத்தனை பேரின் நினைவையும் இங்கே உட்கார்ந்து அழிக்க முடியாது.

தம்பிக்கு மட்டும் வழி இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லி, புது எண்ணையும் மருத்துவமனையின் பெயரையும் ஒரே வரியில் எழுத வைத்தாள். இந்தப் பெயருக்கு யாரையும் கேட்காதே, நேரே இங்கே போ என்று சொல்லும் வரி. அவன் இரண்டு தடவை எண்ணின் நடுவில் வரும் புள்ளியை விட்டான். மூன்றாவது தடவை திறந்தது. இரண்டே முக்காலுக்கு விண்ணப்பித்துவிட்டான்.

“பத்தொன்பதாம் நம்பர்க்கா! போன தடவை நானூத்தி சொச்சம். இந்தத் தடவை ஆளே இல்ல போல.”

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆள் இல்லாமல் இல்லை, எல்லோரும் மெத்தைக்கடையில் நிற்கிறார்கள் என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டேகால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. டிக் வேறு போட்டிருக்கிறது. பத்தொன்பது பேரில் தம்பி தேறிவிடுவான். அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. வரவேற்பறைப் பெண் வந்து, மெத்தை எந்த மாடியில் கிடைக்கும் என்று நாலு பேர் போனில் கேட்டார்கள், என்ன சொல்வது என்றாள். அவர்களுக்குப் பின்னால் கேட்கக் கூசிப் போனை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று நம்பர் அக்காவுக்குக் கணக்கு ஓடியது. அதில் வயது வரம்பு முடிகிற ஆள் இன்னொருவன் இல்லாமலா இருப்பான்? அவனுக்குக் கோப்பைத் திறக்கச் சொல்லிக்கொடுக்க அக்கா கிடையாது. அதை நினைத்ததும் அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து மேலாளர் அறைக்குப் போய், வெளியே இருப்பவர்களுக்கு நம் இணையதளம் வரவில்லை என்றாள்.

“எனக்கு வருதே,” என்றார் மேலாளர், தன் கம்ப்யூட்டரைக் காட்டி.

“வைஃபைய அணைச்சிட்டு உங்க போன்ல பாருங்க சார்.”

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“விலை பரவாயில்லையே.”

“தப்பு என்னோடது. டிடிஎல்லைக் குறைக்க மறந்துட்டேன். கடைசித் தேதியை ரெண்டு நாள் தள்ளி வைக்கணும். எழுதிக் கொடுத்துடறேன். என் தம்பியும் விண்ணப்பம் போட்டிருக்கான், அவனுக்கு மட்டும் வழி சொல்லிக் கொடுத்தேன். அதையும் எழுதிடறேன்.”

“டிடிஎல்னா என்ன?”

சொன்னாள். பாதியிலேயே அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். தேதி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அவளுக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. விண்ணப்பங்கள் நானூற்று முப்பத்தெட்டு வந்தன.

எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடந்தன. தம்பி இரண்டாவதாக வந்தான்.

முதலாவதாக வந்தவளின் விண்ணப்ப எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பட்டியலைப் படித்துவிட்டு அவன் போன் செய்தான்.

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்.”

வைத்துவிட்டான். அம்மா மட்டும் வைக்காமல் பேசினாள். உனக்குத் தம்பி முக்கியமா, முகம் தெரியாத நானூறு பேர் முக்கியமா என்று கேட்டாள். அன்று நம்பர் அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

புது டெக்னீஷியன் சேர்ந்த முதல் நாளே ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு முகவரி கேட்டு அவளிடம் வந்தாள். மெலிந்த பெண், கையில் ஒரு பழைய டிபன் பை.

“புதன்கிழமை பூரா முயற்சி பண்ணேன்க்கா. மெத்தைதான் வந்துது. விதின்னு விட்டுட்டேன். மறுநாள் பேப்பர்ல தேதி தள்ளிப் போனதைப் பாத்தேன். யாரு தள்ளி வெச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்.”

“மெஷின் எந்த ரூம்ல இருக்கு?” என்று கேட்டாள் நம்பர் அக்கா. எண்ணை ஒதுக்கி, தாளில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினாள். தம்பியின் பெயரை அந்தக் கட்டத்தில் எத்தனையோ தடவை மனசுக்குள் எழுதிப் பார்த்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போனாள். ஐந்து வாரமாகப் பேசாத தம்பிதான் கதவைத் திறந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“அந்தப் பொண்ணு எப்படி?”

“வேலை தெரிஞ்ச பொண்ணு.”

“என்னைவிடவா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“தெரியலடா. நீ வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லையே.”

அவன் சிரிக்கவில்லை. நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு, அவள் உள்ளே வர வழி விட்டான்.